கல்லை வெட்டாதீர்கள்: யாழ்ப்பாணத்து அகழ்வாய்வுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொல்லியல் அகழ்வாய்வுகளைத் திட்டமிடுகிற, நடத்துகிற, அவற்றுக்குப் பணம் ஒதுக்குகிற பொறுப்பில் உள்ள உங்கள் எல்லோருக்கும்,

"ஜி.பி.எஸ் கருவிதான் வாங்கியாச்சே, இனிக் கல்லு எதுக்கு?"

சென்ற மாதம் நடந்த திட்டமிடல் கூட்டத்தில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த பருவத்துக்கான செலவுப் பட்டியலில் இருந்து இரண்டு வரிகள் அந்த இடத்திலேயே வெட்டப்பட்டன. அகழ்விடத்தில் நிரந்தர அளவைக்கற்கள், அதாவது இடத்தைச் சரியாக அளந்து குறித்துவைத்த அசையாத கற்கள், நாட்டுவது ஒன்று. பருவம் முழுவதும் ஒரு நில அளவையாளரை வைத்திருப்பது மற்றது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். என்னைப் பேச அழைக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

வேலை போகிறதே என்று இவர் எழுதுகிறார் என நீங்கள் நினைக்கக்கூடும். நான் உரிமம் பெற்ற நில அளவையாளன். இருபத்திரண்டு வருடமாக வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் காணி அளக்கிறேன். பதினெட்டுக் குழி சேர்ந்தால் ஒரு பரப்பு, அதில் ஒரு குழிக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படி ஏறுகிற ஊர் இது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அகழ்விடங்களுக்கு வருவது விருப்பத்தினால்தான், பாதி நாட்களுக்குக் கூலியும் வாங்கியதில்லை.

ஜி.பி.எஸ்ஸை வெறுப்பவனும் இல்லை. பற்றரிக்கே தடை போட்டிருந்த தொண்ணூறுகளில் இங்கே பள்ளிக்கூடம் போனவன் நான். செய்மதியைக் கேட்டு இடம் சொல்லும் கருவியை முதன்முதலாகத் தோளில் சுமந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு மூலையில் இருந்து மறு மூலையைப் பார்க்க நாலு வீட்டு வேலியில் ஓட்டை போட வேண்டும், கிளுவங்கதியால் வெட்ட வேண்டும், அதற்கு நாலு பேரிடம் கெஞ்ச வேண்டும். இந்தக் கருவி எங்கள் தொழிலுக்கு விடுதலை தந்தது. உங்கள் அகழ்வுகளுக்கும் அது வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் அது இப்போது பயன்படுத்தப்படுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காணியைப் பிழையாக அளந்தால் நாளைக்குத் திரும்பிப் போய் அளக்கலாம். காணி அங்கேயே கிடக்கும். அகழ்வில் அப்படி முடியாது. ஒரு மண்ணடுக்கை மேசன் கரண்டியால் சுரண்டி எடுத்து முடித்தால் அந்த அடுக்கு இனி உலகத்தில் எங்கும் இல்லை. அந்தக் கறுப்புச் சிவப்புப் பானை ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது நீங்கள் எழுதிவைத்த எண்களில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

ஆனைக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்த ஈமக்காட்டில் ஒரு சிறு முத்திரை கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. எங்கள் மண்ணின் ஆதி வரலாற்றைப் பேசும் எவரும் அதைத் தொடாமல் பேச முடியாது. போர்க் காலத்தில் அந்த முத்திரை தொலைந்துபோனது. இன்றைக்கு நாங்கள் கையில் வைத்திருப்பது படமும் பதிவும் தான். அது ஒரு எலும்புக்கூட்டோடு, புதைகுழிக்குள் கிடைத்தது என்ற பதிவு இருப்பதால்தான் முத்திரையே இல்லாத இன்றும் அதை வைத்து வாதாட முடிகிறது. பொருள் போனாலும் பதிவு நிற்கும் என்பதை எங்களைவிட யார் அதிகம் பட்டு அறிந்திருக்கிறார்கள்?

அகழ்ந்த இடத்துக்குத் திரும்பி வருவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு வந்தது. அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் சீன மட்பாண்டங்களைத் தோண்டி எடுத்தார். நாற்பத்தொரு வருடம் கழித்து, 2018இல், ஷங்காய் அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு குழு அதே அல்லைப்பிட்டிக்கு வந்தது. நீங்கள் இன்று மூடும் குழியை 2065இல் ஒரு பிள்ளை திறக்க வரும். அந்தப் பிள்ளைக்கு என்ன வைத்துவிட்டுப் போகிறீர்கள்?

எனக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்கிறேன்.

வலிகாமத்தில் ஓர் ஊர். புதையல் தேடுகிறவர்களின் தொல்லை இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன், எந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். போர் முடிந்து சில வருடங்களில் அங்கே ஒரு அகழ்வு நடந்தது. நல்ல பொருட்கள் கிடைத்தன, அறிக்கையும் அழகாக வந்தது. போன வருடம் அதே குழியைத் திறந்து பக்கத்தால் நீட்டித் தோண்டலாம் என்று முடிவாகி, பழைய குழியின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்துத் தரும்படி என்னிடம் அறிக்கையின் பிரதியைத் தந்தார்கள். பின்னிணைப்பில் நான்கு வரி எண்கள். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, அவ்வளவுதான். எந்த வலை, எந்தத் தரவு, எந்தக் கருவி, ஒன்றும் இல்லை.

நில அளவை தெரியாதவர்களுக்கு இதன் விபரீதம் விளங்காது, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வலை என்பது இடத்தை எண்ணால் சொல்வதற்காக நாட்டின் மேல் கற்பனையாக வரைந்த கட்டக்கோடுகள். தரவு என்று நாங்கள் சொல்வது, பூமியின் உருவத்தை எப்படி எடுத்து எங்கே பொருத்துவது என்று தீர்மானிக்கும் அடிப்படை. இலங்கையில் ஒரே இடத்துக்குக் குறைந்தது மூன்று விதமான எண்கள் உண்டு. கண்டவல எனப்படும் பழைய தரவில் அமைந்த வலையில் யாழ்ப்பாண நகரின் கிழக்கு எண் ஒரு இலட்சத்துச் சொச்சம் வரும். 1999இல் வந்த புதிய தேசிய வலையில் அதே இடம் நான்கு இலட்சத்துச் சொச்சம். உலகப் பொது வலையில் மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரத்தை ஒட்டி வரும். எண்ணைப் பார்த்தவுடன் இது பழைய வலை, இது புதிய வலை என்று எங்களைப் போன்றவர்கள் ஊகித்துவிடுவோம். அறிக்கையில் இருந்தது ஒரு இலட்சத்துச் சொச்சம். சரி, பழைய வலை என்று எடுத்து முறைப்படி மாற்றிப் போனோம்.

எண்கள் எங்களை ஒரு வெங்காயத் தோட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தின. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்துக் கையில் கிடைத்த காணி அது. தோட்டக்காரர் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு, "பழைய சரித்திரம் எண்டால் வெட்டுங்கோ, ஆனால் கெதியாய் முடியுங்கோ" என்றார். இரண்டு பாத்தி வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு மீற்றர் அகலத்தில் இரண்டு சோதனைக் குழி வெட்டினோம். செம்மண், அதற்குக் கீழே முருகைக்கல். ஒரு ஓடு கிடையாது. மூன்றாம் குழிக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒழுங்கையால் வந்த ஒரு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கை ஏன் வெட்டிறியள்? முந்தி வெட்டினது அங்காலை, அந்த இலுப்பையடியிலையெல்லோ. நான் தானே பிள்ளையளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்."

ஆச்சி கைத்தடியால் காட்டிய இடத்தில் முக்கால் மீற்றர் இறங்கியதும் நீலப் பொலித்தீன் தட்டுப்பட்டது. குழியை மூடும்போது அடியில் விரித்த பொலித்தீன். அதன் மடிப்பில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஆணியில் இன்னும் முடிச்சு அவிழாத நைலோன் கயிறு. நாங்கள் பாத்திகளைப் பிடுங்கிய இடத்தில் இருந்து இருநூறு மீற்றருக்கு மேல் மேற்கே.

பிறகுதான் காரணம் விளங்கியது. யாரோ ஒருவர் கைக்கருவியில், அதாவது கையில் பிடிக்கும் சிறிய ஜி.பி.எஸ்ஸில், பழைய வலையின் தொடக்க எண்களை மட்டும் ஏற்றிவிட்டு, தரவை உலகப் பொதுத் தரவிலேயே விட்டிருக்கிறார். பார்வைக்குப் பழைய வலை எண் மாதிரியே இருக்கும், உண்மையில் இரண்டும் கெட்ட எண். கண்டவல தரவுக்கும் செய்மதிகள் பயன்படுத்தும் தரவுக்கும் இடையிலான வித்தியாசம் யாழ்ப்பாணத்தில் இருநூறு மீற்றரைத் தாண்டும், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. அகழ்வு நடந்த நாளில் அங்கே மூன்றே மூன்று கல் நாட்டியிருந்தால் நான் அந்த எண்களைத் தொட்டிருக்கவே மாட்டேன். தோட்டக்காரரின் இரண்டு பாத்தியும் தப்பியிருக்கும்.

அது கைக்கருவிக் காலம், இப்போது வாங்கியிருப்பது சென்ரிமீற்றர் கருவி என்று கூட்டத்தில் சொன்னீர்கள். உண்மை. நல்ல கருவி. அது எப்படி அந்தத் துல்லியத்தைத் தருகிறது என்பதைக் கேளுங்கள். கைப்பேசியும் கைக்கருவியும் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிழை விடும். உங்கள் கருவி இரண்டு துண்டாக வருகிறது. ஒன்றை இடம் தெரிந்த புள்ளியின் மேல் முக்காலியில் நிறுத்துகிறோம், அது பேஸ். மற்றதைத் தடியில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம், அது ரோவர். தான் நிற்கும் இடம் பேஸுக்குத் தெரியும். ஆகவே செய்மதிச் சமிக்ஞை இந்தக் கணத்தில் எவ்வளவு பிழையாக இருக்கிறது என்பதை அது கண்டுபிடித்து வானலையில் ரோவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தத்தால்தான் ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் வருகிறது. இடம் தெரிந்த புள்ளி என்று சொன்னேனே, அதுதான் நீங்கள் பட்டியலில் வெட்டிய கல்.

இந்த வருடம் வைகாசியில் என்ன நடந்தது என்று உங்கள் களக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் பேஸைப் பனைமரங்களுக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். இரண்டாம் நாள் நிழலுக்காக அந்தப் பக்கம் மாற்றினார்கள். இரண்டு நாளும், "நான் நிற்கும் இடத்தை நீயே கண்டுபிடி" என்று கருவியிடம் விட்டுவிட்டார்கள். தனியே விடப்பட்ட பேஸும் கைக்கருவியைப் போலத்தான், மீற்றர்க் கணக்கில் பிழைவிடும். அந்தப் பிழை அப்படியே அன்றைய எல்லாப் புள்ளிகளுக்கும் போய்ச் சேரும். ரோவரோ தன் திரையில் ஒரு சென்ரிமீற்றர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். பேஸில் இருந்து பார்த்தால் அது சரிதான், அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மூன்றாம் நாள் மாலை வரைபடத்தை விரித்தபோது, கற்களால் கட்டிய அத்திவாரம் ஒன்று நடுவில் ஒன்றரை மீற்றர் அளவுக்கு முறிந்து விலகி நின்றது. இது இரண்டு காலத்துச் சுவரோ, வாசற்படியோ என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். குழிக்குள் இறங்கிக் கயிறு பிடித்துப் பார்த்தேன். சுவர் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போனது. நகர்ந்தது பேஸ். முதல் நாளே நான் பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கட்டில் இரண்டு ஆணி அடித்து, இரு நாளும் காலையிலும் மாலையிலும் ரோவரை அவற்றின் மேல் வைத்து அளந்திருந்தேன். அந்த இரண்டு ஆணிகளால்தான் இரண்டு நாளின் புள்ளிகளையும் ஒன்றோடொன்று பொருத்தித் திருத்த முடிந்தது. ஆணி இல்லாமல் இருந்திருந்தால் அந்த முறிந்த சுவர் இன்று அறிக்கையில் அச்சாகியிருக்கும். பத்து வருடத்தில் அதை வைத்து யாரோ ஒருவர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருப்பார்.

அதே மாதத்தில் இன்னொரு நாள். மாமரத்துக்குக் கீழ் மூன்றாம் வருட மாணவி ஒருவர் தடியோடு நின்றார். "அண்ணை, ஃப்ளோட் எண்டு காட்டுது, அமத்தட்டோ?" என்று கேட்டார். ஃபிக்ஸ்ட் என்று வந்தால்தான் சென்ரிமீற்றர். ஃப்ளோட் என்றால் அரை மீற்றர் பிழையும் வரலாம். நான் பக்கத்தில் நின்றதால் பொறுக்கச் சொன்னேன், ஆறு நிமிடம் எடுத்தது. அதற்கு முதல் நாள் நான் இல்லை. அன்றைய கோப்பில் முப்பத்தொரு புள்ளிகள் ஃப்ளோட்டில் பதியப்பட்டிருந்தன, அவற்றில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்த புள்ளிகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, எந்தப் பொத்தானை அமத்துவது என்று மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இந்தக் கவனம் இன்னும் கூடத் தேவை. பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்கு அருகால்தான் போகிறது. அதனால் தலைக்கு மேலே உள்ள அயனமண்டலம் என்ற மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு வடக்கு நாடுகளில் உள்ளதைவிடக் கூடுதலாகக் குழம்பும், சமிக்ஞையையும் குழப்பும். பனந்தோப்பும் தகரக் கூரையும் கோபுரமும் செய்மதி அலையைத் தடுக்கும், தெறிக்க வைக்கும். குளிர்நாட்டு வெட்டவெளியில் எடுத்த விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு இணுவிலிலும் சுன்னாகத்திலும் அதையே எதிர்பார்க்கக்கூடாது.

உயரத்தில்தான் நிலைமை மிக மோசம். ஜி.பி.எஸ் கருவி நேரடியாகத் தருவது கடல்மட்டத்தில் இருந்து அளந்த உயரம் கிடையாது. பூமியை ஒரு சீரான முட்டையுருவாகக் கற்பனை செய்து, அந்த உருவின் மேற்பரப்பில் இருந்து அது அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் புவியீர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 106 மீற்றர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் யாழ்ப்பாணமும் இருக்கிறது. ஆகவே கடலுக்கு நாலைந்து மீற்றர் மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் கருவியை வைத்தால், மாற்றம் எதுவும் செய்யாத நிலையில், மைனஸ் தொண்ணூறு அளவில் ஓர் எண்ணைக் காட்டும்.

உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் 4.62 என்றும் அடுத்த பக்கத்தில் மைனஸ் தொண்ணூற்றுக் கணக்கிலும் உயரங்கள் இருக்கின்றன. முதலாவது உயர வித்தியாசத்தை அளக்கும் பழைய மட்டக்கருவியால் எடுத்தது, இரண்டாவது புதுக் கருவியால். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஏதோ ஒரு மாறிலியைக் கூட்டிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அந்த மாறிலி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு குழிகளிலும் உள்ள கரி படிந்த அடுக்கு ஒரே காலத்ததா என்ற கேள்விக்கு அந்த உயரங்களை வைத்துத்தானே பதில் சொல்லப் போகிறீர்கள்? அடுக்கின் தடிப்போ நான்கு விரற்கடை.

இதனால்தான் குழிக்குள்ளே நடக்கும் அளவைக்கு, கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேசனையும் மட்டக்கருவியையும் கைவிட வேண்டாம் என்கிறேன். ஜி.பி.எஸ்ஸின் உயரப் பிழை அதன் கிடைப் பிழையைவிடக் கூட. டோட்டல் ஸ்டேசன் சில மில்லிமீற்றருக்குள் நிற்கும். அகழ்விடத்தின் கற்களைத் தேசிய வலையோடு இணைப்பதற்கும், ஊர் முழுக்க நடந்து ஓடு கிடக்கும் இடங்களைக் குறிப்பதற்கும் ஜி.பி.எஸ் அருமையான கருவி. குழிக்குள் எல்லாவற்றையும் அதனிடம் விடுவது, ஊசியால் தைக்க வேண்டியதைக் கோணி ஊசியால் தைப்பது மாதிரி.

ஊர்ச் சனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்ரெனா பூட்டிய தடியோடு ஒருவன் காணிக்குள் நடந்தால் எங்கள் ஆட்களுக்கு என்ன தோன்றும் என்று நீங்கள் யோசித்தீர்களா? "தம்பி, இது காணி பிடிக்கிற அளவையோ?" இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. காணியைப் பறிகொடுத்து, வழக்காடி, முகாமில் காத்திருந்து திரும்பி வந்தவர்கள். அவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தொல்லியல் இடம் என்று ஒரு எல்லை வரையப்படும்போது இருநூறு மீற்றர் பிழை என்பது இன்னொருவரின் தோட்டம் முழுவதையும் விழுங்கக்கூடிய பிழை. அளந்தது என்ன, எதற்கு, எங்கே போகிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். இதுவரை கொடுத்ததை நான் கண்டதில்லை.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். ஒரு கல்லுக்குத் தேவை ஒரு முழக் கம்பி, கொஞ்சம் சீமெந்து, ஒரு மேசனின் அரை நாள். வலிகாமத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் பாறை வந்துவிடும், பாறையில் துளை போட்டு ஒரு பித்தளை ஆணி இறுக்கினால் உழவுக்கும் அசையாது. நீங்கள் வாங்கிய கருவியின் ஒரு மேலதிக பற்றரிக்கு ஆகும் செலவில் மூன்று கல் நாட்டி முடிக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இவை. மாரி மழைக்கு முன், அடுத்த பருவத்தின் செலவுப் பட்டியல் கையெழுத்தாவதற்கு முன், வெட்டிய அந்த இரண்டு வரிகளையும் திரும்பச் சேருங்கள். ஒவ்வொரு அகழ்விடத்திலும் ஆகக் குறைந்தது மூன்று நிரந்தரக் கற்கள் வேண்டும். கிணற்றுக் கட்டு, கேணிப் படி, கோயில் மதில் போன்ற அசையாத பொருட்களில் இருந்து நாடா பிடித்து அளந்த தூரத்தோடு ஒவ்வொரு கல்லுக்கும் கையால் வரைந்த ஒரு படம் வேண்டும். செய்மதி எல்லாம் போனாலும் அந்தப் படம் போதும். பேஸை அந்தக் கற்களின் மேல் மட்டும் வையுங்கள். கற்களை நில அளவைத் திணைக்களத்தின் தேசிய வலையோடு ஒருமுறை முறையாக இணைத்துவிடுங்கள். அதற்கு அவர்களிடம் தொடர்ந்து இயங்கும் செய்மதி நிலையங்களின் வலையமைப்பு இருக்கிறது.

எந்த அறிக்கையிலும் எண்ணைத் தனியே விடாதீர்கள். எந்த வலை, எந்தத் தரவு, உயரம் கடல்மட்டத்தில் இருந்தா முட்டையுருவில் இருந்தா, எந்தக் கருவி, தடியின் உயரம் எவ்வளவு, ஃபிக்ஸ்டா ஃப்ளோட்டா என்று பக்கத்தில் எழுதுங்கள். புதையல்காரருக்குப் பயந்தால் வெளியே விடும் அறிக்கையில் எண்களை வெட்டிச் சுருக்குங்கள், முழு எண்கள் காப்பகத்தில் இருக்கட்டும். கருவியின் மூலக் கோப்புகளைக் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று 1981இல் நூலகம் எரிந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த வைகாசிக் கோப்பில் ஃப்ளோட்டில் பதிந்த முப்பத்தொரு புள்ளிகளையும் அறிக்கை அச்சாகும் முன் அடையாளப்படுத்துங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத அந்த உயர மாறிலியை நீக்கிவிட்டு, மூலக் கோப்பில் இருந்து திரும்பக் கணக்கிடுங்கள். நான் உதவுகிறேன். மாணவர்களுக்கு இரண்டு நாள் களப் பயிற்சி கொடுக்கவும் தயார். சம்பளம் வேண்டாம், கருவியையும் ஒரு மரநிழலையும் தாருங்கள்.

அந்த வெங்காயத் தோட்டக்காரருக்கு இழப்பீடு இன்னும் கொடுபடவில்லை. அதைக் கொடுங்கள். காணி அளந்த எல்லோருக்கும் தமிழில் ஒரு பக்க விளக்கமும் வரைபடத்தின் ஒரு பிரதியும் கொடுங்கள்.

கடைசியாக, போருக்கு முன்னும் பின்னும் குடாநாட்டில் வெட்டி மூடிய குழிகளை இப்போதே தேடிக் குறியுங்கள். அந்தந்த ஊர்களில் மண் சுமந்தவர்களும் தேத்தண்ணி ஊத்தியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, அவர்கள் கைகாட்டும் இடத்தில் கல்லை நாட்டிவிட்டுப் பிறகு கருவியை வையுங்கள். இலுப்பையடியைக் காட்டிய ஆச்சிக்கு இப்போது எண்பத்துமூன்று வயது. இன்னும் இரண்டு குழிகள் தனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். இந்த மாதமே ஒருவரை அவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்